மூத்தவள் பகுக்க, இளையவள் எடுக்க

மேக்காமண்டபத்தில் ஒரு வீட்டுக்கு நடுவே போன வாரம் ஒரு சுவர் எழும்பியது. கிழக்குப் பாதி அண்ணன் ஜேசுதாஸுக்கு. மேற்குப் பாதி தம்பி ஸ்டெனிக்கு. ஸ்டெனி கல்ஃபில் இருப்பதால் அந்தப் பாதிக்கு அவன் மனைவி ஷைஜாதான் ராணி. கிழக்குப் பாதியின் ராணி, ஜேசுதாஸின் மனைவி பிளஸ்ஸி. ஒரு வீட்டுக்கு ராணி ஒருத்திக்கு மேல் இருந்தால் சுவர்தானே எழும்பும், வேறென்ன எழும்பும்?

தென்னையைப் பகுத்தார்கள். பலாவைப் பகுத்தார்கள். உருளி, அண்டா, அம்மி, ஆட்டுரல் எல்லாம் பகுத்தார்கள். இந்தப் பக்கத்தில் பாகம் வைக்க ஒரு முறை உண்டு. மூத்தது இரண்டு கூறாக வைக்கும், இளையது முதலில் கை வைத்து எடுக்கும். மூத்தது தில்லுமுல்லு செய்யாமல் இருக்க அந்தக் காலத்துப் பெரியவர்கள் கண்டுபிடித்த பூட்டு அது. அந்தப் பூட்டைத் திறக்க முடியாது என்று அவர்கள் நினைத்திருக்கலாம். பாவம், அவர்களுக்குப் பிளஸ்ஸியைத் தெரியாது.

பகுக்காமல் மிச்சம் இருந்தது பின்பக்கத்துக் கோழிக்கூடு ஒன்றுதான். உள்ளே பன்னிரண்டு சில்க்கிக் கோழிகள்.

சில்க்கியைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. இறகுக்குப் பதிலாகப் பஞ்சு முளைத்த கோழி அது. மேலே வெள்ளை வெளேர் என்று இருக்கும். பஞ்சை விலக்கினால் தோல் கறுப்பு, அறுத்தால் இறைச்சியும் கறுப்பு, எலும்பும் கறுப்பு. நாட்டுக்கோழிக்குக் காலில் நாலு விரல் என்றால் இதற்கு ஐந்து. தலையில் ஒரு பஞ்சுக் குடுமி, கண்ணையே மறைக்கும். இதையெல்லாம்விட ஒரு கள்ளத்தனம் அதனிடம் உண்டு. குஞ்சு வளர்ந்து பெரிதாகி, தான் சேவலா பெட்டையா என்று ஒப்புக்கொள்ளவே மாசம் அஞ்சு ஆறு ஆகிவிடும். அதுவரை வளர்த்தவளுக்கே சந்தேகம்தான்.

பிளஸ்ஸிக்குச் சந்தேகம் இல்லை. ஏழு சேவல், அஞ்சு பெட்டை. அவளுக்குத் தெரியும். அந்த அஞ்சு பெட்டையில் ஒன்றுகூட ஷைஜாவின் கைக்குப் போகக் கூடாது என்பதும் தெரியும்.

ஏன் என்று கேட்டால், ஒரு தூக்குவாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பிளஸ்ஸியின் அம்மா கீரிப்பாறை ரப்பர் தோட்டத்து லைன் வீட்டில் சில்க்கி வளர்த்தவள். அப்பா ராஜகுமார் விடியும் முன்னே பால்வெட்டப் போய்விடுவார், அம்மா கோழிகளோடு பேசிக்கொண்டிருப்பாள். அவள் கடைசியாக மகளுக்குத் தந்துவிட்டது வெள்ளச்சி என்ற ஒரு பெட்டைக்கோழி. அது இங்கே வந்து அடைக்கு உட்கார்ந்து குஞ்சு பொரித்தது. குஞ்சுகள் தாயின் வயிற்றுப் பஞ்சுக்குள்ளிருந்து இன்னும் வெளியே வரப் பழகாத நேரத்தில்தான் அம்மா போய்ச் சேர்ந்தாள்.

அடக்கம் முடிந்து பிளஸ்ஸி அங்கேயே கிடந்தாள். பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. மூன்றாம் நாள் ஷைஜா ஒரு தூக்குவாளியோடு வந்து இறங்கினாள். தலையைத் தூக்கி மடியில் வைத்து, ஆற்றி ஆற்றி, சூப்பைக் குடிக்க வைத்தாள். பிளஸ்ஸி குடித்தாள். அழுதுகொண்டே குடித்தாள். இந்த வீட்டில் தனக்கும் ஒரு கூடப்பிறப்பு இருக்கிறது என்றுகூட நினைத்தாள்.

அடியில் ஒரு கால் கிடந்தது. கறுத்த கால். விரல் ஐந்து.

வீட்டில் வளர்ந்த பெட்டை என்று இருந்தது வெள்ளச்சி ஒன்றுதான்.

"ஒரு கோழிதானே அக்கா," என்றாள் ஷைஜா. "நீங்க தளந்து கெடந்தியளே. எங்க ஊருல பிள்ள பெத்தவளுக்கும் தளந்தவளுக்கும் கருங்கோழிச் சாறுதான் குடுப்பாவ. ஒடம்புக்கு நல்லதாக்கும்."

அவ்வளவுதான் சொன்னாள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. அம்மா தந்த கோழியை அம்மாவின் துட்டி வீட்டில் வைத்துத் தனக்கே ஊட்டிய ஒருத்தியை எந்தக் கணக்கில் சேர்ப்பது? பிளஸ்ஸி சேர்த்துவிட்டாள். தாயில்லாத குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் போட்டு, குண்டு பல்பைத் தொங்கவிட்டு, கூடவே தன் வயிற்றெரிச்சலையும் வளர்த்தாள். இரண்டும் நன்றாகவே வளர்ந்தன.

இன்று பாகம். சபைச் செயலர் அருமைநாயகம் வந்து சாட்சி நிற்பதாக ஏற்பாடு.

விடிந்ததும் பிளஸ்ஸி கத்திரியோடு கூட்டுக்குள் போனாள்.

ஷைஜாவுக்குக் கோழி தெரியாது. ஆனால் ஷைஜாவுக்கு யூடியூப் தெரியும். ஒரு வாரமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் அதே குரல்தான். 'நண்பர்களே, சில்க்கியில் ஆண் பெண் கண்டுபிடிப்பது எப்படி? தலையில் உள்ள பஞ்சு பந்து மாதிரி உருண்டையாக இருந்தால் பெட்டை. பின்பக்கமாக நீண்டு, வாரிவிட்டது மாதிரி இருந்தால் சேவல்.' சுவர் ஒற்றைச் செங்கல் சுவர். பிளஸ்ஸி இந்தப் பக்கம் மீன் அறுத்துக்கொண்டே முழுப் பாடத்தையும் கேட்டாள். வாத்தியார் ஒன்றும் பொய் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் விட்டது, பஞ்சு என்றால் அதைக் கத்திரிக்கலாம் என்பதைத்தான்.

ஏழு சேவலில் ஆறைப் பிடித்தாள். கழுத்துக்குப் பின்னால் நீண்டு தொங்கிய பஞ்சு இழைகளை ஒவ்வொன்றாக வெட்டி, விளிம்பை உருட்டி ஒதுக்கினாள். கண்ணை மறைக்கிறதென்று சில்க்கிக்குத் தலைப்பஞ்சை வெட்டிவிடுவது எல்லாரும் செய்கிற காரியம், அவள் அம்மாவும் செய்வாள். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. வேலை முடிந்தபோது ஆறு சேவலும் பவுடர் பஃப் போல உருண்டைத் தலையோடு நின்றன. அதில் ஒன்று அவமானப்பட்டதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பெட்டை அஞ்சுக்கும் வேறு வைத்தியம். உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் தேய்த்து, உருண்டைப் பஞ்சைப் பின்பக்கமாக வழித்துவிட்டாள். படிந்து நின்றது. பார்த்தால் அஞ்சும் மைனர் போலத்தான் இருந்தன.

மிச்சம் ஒரு சேவல். அதைத் தொடவே இல்லை. அது ஊரறிந்த சேவல். கொண்டை, நாவல்பழத்தை நசுக்கி ஒட்டினதுபோல் அகலமாக உப்பியிருக்கும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். அதைப் பெட்டைகளோடு சேர்த்து வைத்தால் அந்தக் கூறு முழுக்கச் சேவல் என்று யாரும் நினைப்பார்கள். தூண்டிலில் மாட்ட ஒரு புழு வேண்டுமே, அதுதான் அது.

வெட்டிய பஞ்சை முந்தியில் அள்ளிக்கொண்டுபோய் அடுப்பில் போட்டாள். நாற்றம் சுவரைத் தாண்டியது.

"அக்கா, என்னவோ கருகுதே?" என்று ஷைஜாவின் குரல்.

"தலை சீவுனேன். முடி கொட்டுது. அடுப்புல போட்டேன்."

"செம்பருத்தி இலைய அரைச்சுத் தேயுங்க. முடிக்கு நல்லதாக்கும்."

இவளுக்கு எல்லாமே எதற்காவது நல்லதுதான் என்று பிளஸ்ஸி பல்லைக் கடித்தாள்.

அருமைநாயகம் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஜேசுதாஸ் தக்கலைக் கடைக்குப் போகாமல் அரை நாள் லீவு போட்டு நின்றான். அவனுக்கு இந்தப் பாகம் பகுப்பில் எந்தச் சந்தோஷமும் இல்லை. தம்பியோடு சண்டை இல்லை, தம்பி பெண்டாட்டியோடும் சண்டை இல்லை. இரண்டு பெண்களுக்கு நடுவில் எதற்குச் சுவர் வந்தது என்று கேட்டால் அவனுக்குச் சொல்லவும் தெரியாது. அவனிடம் பிளஸ்ஸி கத்திரியைப் பற்றி மூச்சு விடவில்லை.

இரண்டு பனையோலைக் கடவங்களை முற்றத்தில் வைத்திருந்தாள். ஒன்றில் உருண்டைத் தலை ஆறு. மற்றதில் வழித்த தலை அஞ்சும், நாவல்பழக் கொண்டையும்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்," என்று செயலர் தொடங்கினார். "நம்ம முறை எல்லாருக்கும் தெரியும். மூத்தவ பகுத்தாச்சு. இளையவ எடுக்கணும். எடுத்த பொறவு முறுமுறுப்பு கூடாது. கேட்டியா மக்கா ஷைஜா?"

"கேட்டேன் ஐயா."

ஷைஜா குளித்து, நல்ல சேலை கட்டி, எங்கேயோ புறப்படுகிறவள் போல நின்றாள். வாசலில் ஒரு வாடகை ஆம்னி வேனும் நின்றது. கோழியை விற்கத்தான் கொண்டுபோகிறாள் என்று பிளஸ்ஸி தீர்மானித்தாள். வாங்குகிறவன் மூணு மாசம் கழித்து ஆறு சேவலோடு இவள் வாசலில் வந்து நின்று கேட்பான். ஊரே கேட்கும். அந்த நாளை நினைக்கவே நாக்கில் வெல்லம் போலிருந்தது.

ஷைஜா குனிந்து முதல் கடவத்தைப் பார்த்தாள். இரண்டாவதைப் பார்த்தாள். அப்புறம் கோழியை விட்டுவிட்டு பிளஸ்ஸியின் முகத்தைப் பார்த்தாள்.

அதற்கும் பிளஸ்ஸி தயாராகத்தான் இருந்தாள். உருண்டைத் தலைகளை ஓரக்கண்ணால் ஒரு பார்வை, ஏக்கமாக. ஷைஜா பார்த்ததும் சட்டென்று வேறு பக்கம் திரும்பல். சர்ச் கிறிஸ்துமஸ் நாடகத்தில் வருஷா வருஷம் மரியாளாக நின்றவளுக்கு இதெல்லாம் கற்றுக்கொடுக்க வேண்டுமா?

"கொண்டையப் பாக்கலாமா?" என்றாள் ஷைஜா.

தலைப்பஞ்சு பொய் சொல்லும், கொண்டை பொய் சொல்லாது. பெட்டைக்கு அது மூக்குக்கு மேல் சின்னதாக, தட்டையாக, கறுத்து ஒட்டிக் கிடக்கும். சேவலுக்கு எழும்பி விரியும்.

"பாரேன். யாரு வேண்டாமுன்னா?" என்றாள்.

கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது ஆறிலும் சிறிய சேவல். கொண்டை விரியாத பிந்தின பிறவி. அதை மேலாக வைத்ததும் தற்செயல் இல்லை. ஷைஜா பஞ்சை விலக்கி, விரலால் தடவிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. அடுத்ததற்குக் கையை நீட்டினாள்.

அந்த நேரம் பார்த்துக் கடவத்தின் அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. உடைந்த சைக்கிள் ஹாரன் போல, பாதி இருமல், பாதி கூவல்.

முற்றத்தில் எல்லாரும் திரும்பினார்கள்.

"என்ன அக்கா, கூவுதே?"

"கூவலா? தவிடு தொண்டையில மாட்டியிருக்கு. நீ வந்து அமுக்குனா அது வேற என்னத்தச் செய்யும்?"

அருமைநாயகம் வயிறு குலுங்கச் சிரித்தார். "பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியவா போவுது? எடு மக்கா, எடு. எனக்கு ஒரு கல்யாண வீடு கெடக்கு."

சில நேரங்களில் ஆண்டவர் யார் பக்கம் நிற்கிறார் என்று சொல்லவே முடிவதில்லை. ஷைஜா நிமிர்ந்தாள். பிளஸ்ஸியின் முகத்தை இன்னொரு தரம் அளந்தாள். முதல் கடவத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"அக்கா கண்ணு எங்க நிக்குதோ, அங்கயாக்கும் சரக்கு. இது எனக்கு."

"ஐயோ," என்றாள் பிளஸ்ஸி, சரியான அளவில். "அத எடுத்துட்டியா?"

"எடுத்தாச்சு அக்கா. முறுமுறுப்பு கூடாதுன்னு ஐயா சொன்னாரே."

கடவம் வேனில் ஏறியது. ஷைஜா அதன் பக்கத்தில் உட்கார்ந்து, வெயில் படாமல் துண்டால் மூடி, ஓட்டுகிறவனிடம் என்னவோ சொன்னாள். போகிற போக்கில் ஜேசுதாஸைப் பார்த்து, "வாறேன் அத்தான்," என்று தலையசைத்தாள். அவனும் தலையசைத்தான். அதில் ஏதோ ஒரு பேச்சு இருந்தது. பிளஸ்ஸி அன்றைக்கு அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை.

அவள் பறந்துகொண்டிருந்தாள்.

பெட்டைகளின் தலையைச் சீயக்காய் போட்டுக் கழுவித் துடைத்தாள். பஞ்சு உலர்ந்து உருண்டையானது. அஞ்சு தலைகளும் அவளைப் பார்த்தன, அசல் வெள்ளச்சியின் சாயல். "ஒங்க அம்மையச் சூப்பு வச்சவளுக்கு நல்லா வச்சேன் பாத்தியளா?" என்று அவற்றிடம் சொன்னாள். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும். நெய்மீன் வாங்கி, தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தாள். அம்மா போனபிறகு இந்த அடுப்பில் நாக்குக்கு ருசியாக ஒன்று கொதித்தது அன்றுதான். அதைத் தாளிக்கும்போது பாட்டுகூட வந்தது.

ஜேசுதாஸ் சாப்பிட உட்கார்ந்தான். இரண்டு கவளம் உள்ளே போனதும் வாயைத் திறந்தான்.

"நல்ல கொழம்பு. இண்ணைக்கு மனசு லேசாட்டு இருக்கு, இல்லியா?"

"பின்னே? சள்ளை தீந்துதே."

"செரி, இனி சொல்லலாம். அவ சொல்லாண்டாமுன்னு சொன்னா. இனி அங்க போய்ச் சேந்திருப்பா."

"யாரு? எங்க?"

"ஷைஜா. கோழியள ஒங்க அப்பாகிட்ட குடுக்கக் கொண்டு போயிருக்கா, கீரிப்பாறைக்கு."

பிளஸ்ஸியின் கையில் குழம்புக் கரண்டி இருந்தது. அது அப்படியே நின்றது.

ஜேசுதாஸ் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். அம்மாவின் நினைவு ஜெபத்துக்கு எல்லாரும் கீரிப்பாறை போன அன்று, ஷைஜா கை கழுவப் பின்பக்கம் போயிருக்கிறாள். அங்கே ராஜகுமார், கோழி ஒன்றும் இல்லாத காலிக் கூட்டை விளக்குமாற்றால் தூத்துக்கொண்டிருந்தாராம். தூத்துவிட்டு, குடிக்க ஒரு கோழியும் இல்லாத கூட்டில் தண்ணீரும் வைத்தாராம். ஷைஜா அதைப் பார்த்துவிட்டு வந்தவள்தான்.

"வெள்ளச்சிய அறுத்தது தப்புன்னு அப்பந்தான் அவளுக்கு வெளங்கியிருக்கு. அது ஒனக்க அம்மை தந்த கோழின்னு அவளுக்குத் தெரியாது பிளஸ்ஸி. முட்டை நிறுத்துன கோழின்னு நெனச்சு அறுத்துட்டா. ஒனக்க மொகத்தப் பாத்துச் சொல்ல அவளுக்கு வாய் வரல்ல. வெள்ளச்சிக்க பெட்டையள எப்படியாவது எடுத்து அப்பாக்குக் குடுக்கணும், அதுல ஒண்ணு அடையிருந்தா போதுமுன்னு ஸ்டெனிகிட்ட அழுதாளாம். அதுக்குத்தான் கூட்டுல பங்கு வேணுமுன்னு இந்த நிலை நிண்ணா."

"என்கிட்டக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டா நீ குடுத்திருப்பியா?"

பதில் அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அப்பாவுக்குக் கோழி வேண்டுமா என்று பிளஸ்ஸி ஒரே ஒரு தரம் கேட்டிருந்தாள். 'இனி யாருக்கு மக்கா, வேண்டாம்' என்றார். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று விட்டுவிட்டாள். கூட்டைப் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தது ஷைஜா.

நல்ல மனுஷி என்றால் இந்த இடத்தில் உடைந்து அழுதிருப்பாள். நம் பிளஸ்ஸியைப் பற்றிப் பொய் எழுத எனக்கு மனமில்லை. அவளுக்கு முதலில் வந்தது கோபம். மேலும் கோபம். என் அப்பாவுக்குக் கோழி கொடுக்க இவள் யார்? ஊட்டிவிட்டு அழவைத்தவள் இப்போது கொடுத்துவிட்டு நல்ல பேரும் எடுக்கப்போகிறாளா? கோழியை அறுத்தவளும் அவள், கண்ணைத் துடைக்கிறவளும் அவளா? அப்படியென்றால் எனக்கு என்னதான் மிச்சம்?

அதற்குப் பின்னால்தான் பயம் வந்தது.

அப்பா பால்வெட்டுகிறவர். மரப்பட்டையில் மயிரிழை ஆழம் பார்க்கிற கண். அம்மாவோடு சேர்ந்து சில்க்கி வளர்த்தவர். உருண்டைத் தலை ஆறையும் கடவத்திலிருந்து இறக்கி விட்டதும், அவை நெஞ்சை நிமிர்த்தி நடக்கிற நடையிலேயே சேவல் என்று சொல்லிவிடுவார். பஞ்சில் கத்திரி பட்டதைப் பார்ப்பார்.

போனை எடுத்தாள். ஷைஜாவின் எண்ணைத் தொட்டாள். என்ன சொல்வது? 'ஏட்டி, திரும்பி வா, கோழிய மாத்தித் தாறேன்' என்றா? அப்படிச் சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். ஒரு மணி நேர வழி, பெட்டை அஞ்சு அப்பாவுக்கு. ஆனால் ஷைஜாவிடம் தலை குனிய வேண்டும். அந்தக் கறுத்த காலைப் பார்த்த பிறகும் குனிய வேண்டும்.

மணி ஒரு தரம் அடிக்கும் முன் அணைத்துவிட்டாள்.

"யாருக்குப் போன்?" என்றான் ஜேசுதாஸ்.

"யாருக்குமில்ல. நீங்க சாப்பிடுங்க."

அவன் சாப்பிட்டுக் கடைக்குப் போனான். பிளஸ்ஸி சாப்பிடவில்லை. பாத்திரம் கழுவினாள், கழுவியதையே மறுபடி கழுவினாள். இரண்டு தரம் போனைக் கையில் எடுத்தாள், இரண்டு தரமும் வைத்தாள். முடிவெடுக்காமல் இருப்பதும் ஒரு முடிவுதான் என்பது அவளுக்கு அப்போது தெரியவில்லை.

வெயில் சாய்ந்து முற்றத்தில் பலா நிழல் நீண்டபோது போன் அடித்தது. அப்பா.

"மக்கா பிளஸ்ஸி," என்றார். அந்தக் குரலில் அம்மா போன பிறகு அவள் கேட்காத ஒரு ஈரம் இருந்தது. "ஷைஜா வந்தா. கோழி கொண்டு வந்திருக்கா. ஒனக்க அம்மைக்க கோழிக்க பிள்ளையளாம். கூட்டுக்குள்ள விட்டேன். உள்ள சத்தம் கேட்டு மாசக்கணக்காச்சு."

"செரி அப்பா."

"பெட்டை ஆறுன்னு சொன்னா பிள்ள. எனக்கு அவளப் பாத்துச் சொல்ல மடியாட்டு இருந்துது. ஆறும் சேவலாக்கும் மக்கா."

பிளஸ்ஸி போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"சேவலுன்னா இருக்கட்டு. அது தப்பில்ல, சில்க்கியில அம்மையே ஏமாந்திருக்கா. ஆனா ஆறுக்கும் பெறத்தால உள்ள பஞ்ச வெட்டி, பெட்டையாட்டு உருட்டி விட்டிருக்கு. கண்ணு மறைக்கதுக்கு வெட்டுனா முன்னால வெட்டுவாவ. இது அறிஞ்சவ வெட்டுன வெட்டு." கொஞ்சம் நிறுத்தினார். "யாரு மக்கா வெட்டுனது?"

நான்தான் அப்பா. இரண்டே வார்த்தை. அப்பா திட்டுவார், அப்புறம் மன்னிப்பார். பெட்டை அஞ்சையும் நாளைக்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

அந்த இரண்டு வார்த்தையும் நாக்கு நுனிவரை வந்தன. அதற்கு முன்னால் அந்தத் தூக்குவாளி வந்து நின்றது. தலையைத் தூக்கி மடியில் வைத்த அந்தக் கை, ஊதி ஊதி ஆற்றிய அந்த வாய், ஒரு கோழிதானே அக்கா.

"எனக்கு எப்பிடித் தெரியும் அப்பா?" என்றாள். குரல் அவளுக்கே அசல் போலக் கேட்டது. "அவ எடுத்துட்டுப் போன கோழி. அவதான் வெட்டியிருப்பா. நல்ல பெட்டையள எங்கயோ வித்துட்டு, ஆவாத சேவல ஒங்க தலையில கெட்டிட்டா. அவளுக்க கொணம் ஒங்களுக்குத் தெரியாது. அம்மைக்க கோழிய அறுத்தவளாக்கும் அவ."

அந்தப் பக்கம் தூரத்தில் கோழி ஒன்று கீழே மண்ணைக் கிளறுவது கேட்டது.

"அப்பா?"

"அக்கா," என்றது ஷைஜாவின் குரல். அது தூரத்திலிருந்து வரவில்லை. பக்கத்திலிருந்து, தெளிவாக, அழுகை இல்லாமல் வந்தது. "போன் ஸ்பீக்கர்ல கெடக்கு. அப்பாக்குக் காது செரியாக் கேக்காததுனால நான்தான் போட்டு வச்சேன். நான் பெறத்தால வந்து நிண்ணத அவரு பாக்கல்ல."

பிளஸ்ஸியின் கண் கோழிக்கூட்டுப் பக்கம் ஓடியது.

"அந்தப் பெட்டை அஞ்சும் பத்திரமா இருக்கட்டு அக்கா. வாற வழியில செயலரு வீட்டுல எறங்கி, அவரையும் கூட்டிட்டு வாறேன்."

"ஷைஜா," என்றார் ராஜகுமார்.

பிளஸ்ஸி காதோடு போனை அழுத்திக்கொண்டாள். அப்பா தன்னிடம் ஏதாவது சொல்வார், கோபமாகவாவது ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்து நின்றாள்.

"போதும் மக்கா. போன வை," என்றார் அப்பா. மக்கா என்று அவர் கூப்பிட்டது ஷைஜாவை.